வசியம் என்று எழுதிய அட்டை

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு வயது முப்பத்து மூன்று. நான் ஓய்வு பெறவில்லை, மேற்படிப்புக்காகக் கொழும்புக்குப் போகிறேன். ஏழு வருடம் வேலை செய்த அறையின் சாவியை வருகிற வாரம் என் இடத்துக்கு வருகிற உங்கள் இருவரிடமும் ஒப்படைக்க வேண்டும். சாவியோடு சேர்த்துத் தர வேண்டிய ஒன்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறையைப் பார்த்திருப்பீர்கள். கிளினிக்கின் பின்பக்கம், மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, ஒரு சாய்வுக் கதிரை, ஒரு மேசை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அந்த விசிறியை மாற்றச் சொல்லி முதல் வருடம் நான் மூன்று கடிதம் எழுதினேன். பிறகு விட்டுவிட்டேன். கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அமைதிக்குள் இறங்குவதைக் கண்டேன். வெளியே மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்கும், பஸ் கேட்கும், பள்ளிவாசல் பாங்கு கேட்கும். கல்முனையில் சத்தமில்லாத அறை கிடைக்காது. சத்தத்தோடு சண்டை பிடிக்காதீர்கள், அதையும் உங்கள் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதிரைக்கு வருகிறவர்கள் பல வருடம் வயிற்றோடு அலைந்தவர்கள். சாப்பிட்டால் வலி, ஊதல், சிலருக்கு அடிக்கடி ஓட்டம், சிலருக்குப் போகவே போகாது. டொக்டர் இரத்தம், மலம் எல்லாம் பார்த்து, தேவையானவர்களுக்குக் கமராவும் விட்டுப் பார்த்து, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்று உறுதி செய்த பிறகே எங்களிடம் அனுப்புவார். அந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றாதீர்கள். குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓயாமல் பேச்சு நடக்கிறது. இவர்களுக்கு அந்தப் பேச்சு கூச்சலாகிவிட்டது. ஹிப்னாடிச நிலையில் அந்தக் கூச்சலைக் கொஞ்சம் தணிக்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்களுக்கும் முழுக்கப் பலிப்பதில்லை. இதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

செய்முறையை உங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. இரண்டாவது வருடம் நான் எழுதிய ஒரு சொல் ஒரு மனிதரை அவர் நின்ற இடத்திலிருந்து கிட்டத்தட்ட இறக்கிவிட்டது. இதில் வருகிற இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய ஊர், தொழில் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஒரு மௌலவி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மாவடிப்பள்ளியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, குர்ஆனை மனனம் செய்து ஹாபிழாகி, டவுனில் ஒரு சின்னப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தார். ஐந்து நேரமும் முன்னுக்கு நின்று தொழுகை நடத்துவது அவர் வேலை, மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பார். நாலு வருடமாக அவருக்கு வயிறு சரியில்லை. வலியைத் தாங்கிக்கொண்டார், ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது காற்றுத்தான்.

உங்களில் ஒருவர் வேறு சமயத்தவர், அதனால் விளக்குகிறேன். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவதை வுழூ என்கிறோம். காற்றுப் பிரிந்தால் வுழூ முறிந்துவிடும், தொழுகையும் முறியும். தனியாகத் தொழுகிறவர் போய்த் திரும்பக் கழுவிக்கொண்டு வரலாம். இமாமுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அவருக்கு முறிந்தால், பின்னால் நிற்பவரை முன்னுக்கு விட்டுவிட்டு அவர் விலகிப் போக வேண்டும். மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது, குற்றமில்லை. ஆனால் முதல் தடவை, பின்னால் தொழுகிற ஜமாஅத் பொறுத்துக்கொண்டது, இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தது, மூன்றாம் தடவை கதைத்தது. சுகமில்லை என்று மட்டும் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு, தொழுகை தொடங்கத் தக்பீர் கட்டிய உடனேயே வயிறு உருளத் தொடங்கிவிடும். முறிந்ததா முறியவில்லையா என்று அவருக்கே தெரியாமல் போகும். பகல் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார். மெலிந்ததுதான் மிச்சம்.

நோன்புக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது என்னிடம் வந்தார். நோன்பு மாதத்தில் ஒவ்வொரு இரவும் தராவீஹ் தொழுகை, ரக்அத் என்கிற இருபது சுற்று, குர்ஆனை மனப்பாடமாக ஓதி நடத்த வேண்டும். இன்னொரு தடவை இடையில் விலகினால் வேறு ஹாபிழைப் பார்ப்போம் என்று பள்ளி நம்பிக்கையாளர் சபை சொல்லிவிட்டது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு வருத்தம் முழுக்கப் போகத் தேவல்ல தம்பி. இந்த நோன்புக்கு நான் முன்னுக்கு நிக்கணும்."

பயிற்சியில் எனக்குத் தந்த வாசகத்தை நான் அழகான தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கும் அருவி, பாறைகளைத் தழுவி ஓடும் தெளிந்த நீர் என்று தொடங்கும். இரண்டாம் தடவை அவர் கண்ணைத் திறந்து, மரியாதையாகக் கேட்டார்.

"நான் அருவி கண்டதில்ல. வாய்க்கால் எண்டாப் போதாதா?"

அதன் பிறகு வாசகத்தை அவரே சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அவருடைய மூத்தப்பா வட்டவிதானையாக இருந்தவர். வயல்களுக்குத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்து விடுகிறவரை அப்படித்தான் சொல்வோம். வயிற்றில் கையை வைத்து, அதன் சூட்டை உணர்ந்து, மௌலவி மனத்துக்குள் வரம்பில் நடந்து போவார். எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது, யாருடைய முறை முதலில் என்று நிதானமாகச் சொல்வார். அவசரப்பட்டு வரம்பை வெட்ட வருகிறவனையும் ஏசாமல் திருப்பி அனுப்புவார். நாலாவது வாரம், பகல் சோறு சாப்பிட்டதாகச் சொன்னார். ஆறாவது வாரம், பத்து நாளாகத் தொழுகையில் ஒரு பிசகும் இல்லை என்றார். நான் வீட்டுக்குப் போய் உம்மாவிடம், பெயர் சொல்லாமல், பெருமையடித்தேன்.

உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வாப்பா கரைவலை இழுப்பவர், அவருக்கும் தெரியாது. என் நியமனக் கடிதத்தை வாப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். அதனால் நான் எழுதும் தமிழில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஹிப்னாடிசம் என்று ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுத எனக்குக் கூச்சம். அகராதியைப் பார்த்தேன். மனோவசியம் என்று இருந்தது. மனம், வசியம். எவ்வளவு அழகு என்று நினைத்தேன். கிளினிக் அட்டையில் சிகிச்சை என்ற இடத்தில் எல்லோருக்கும் அதையே எழுதினேன், குண்டு குண்டான எழுத்தில்.

அன்று உம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, மீன் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன மனே, வசியமா செய்ற?"

நான் சிரித்தேன். உங்களுக்கு விளங்காது உம்மா, இது வேறு என்றேன். அவ திரும்ப மீனை வெட்டினா. படித்த மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பா.

ஏழாவது வாரம், வியாழக்கிழமை பின்னேரம், முறையில்லாத நாளில் மௌலவி வந்தார். கதிரையில் உட்காரவில்லை. கதவுநிலையில் நின்றபடி அட்டையை நீட்டினார்.

"இதுல என்ன எழுதி இரிக்கி எண்டு வாசிங்க."

"மனோவசிய சிகிச்சை."

"மனோவ விட்டுட்டு வாசிங்க."

வாசித்தேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அப்போதுதான் என் காது கேட்டது. எங்கள் கரையில் வசியம் என்றால் ஒன்றுதான். ஒருவருடைய மனத்தை அவர் அறியாமல் கட்டிப் போடுவது. மை, தகடு, சூனியம் எல்லாம் இருக்கிற வரிசையில் இருக்கிற சொல் அது. குடும்பங்கள் பிரிந்ததற்கும் கலியாணங்கள் குழம்பியதற்கும் சொல்லப்படுகிற காரணம். மார்க்கத்தில் பெரும்பாவம்.

நடந்தது இதுதான். புதன்கிழமை வுழூச் செய்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் ஜுப்பாவைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அட்டை கீழே விழுந்திருக்கிறது. பாங்கு சொல்லும் மோதினார் எடுத்து வாசித்திருக்கிறார். அவர் கெட்டவர் அல்ல, பயந்துபோனவர். நேராகச் சபைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நம்மட மௌலவி யாரிடமோ வசியத்துக்குப் போகிறாராம். யாருக்கோ செய்யப் போகிறாரா, தனக்கு வைத்ததை எடுக்கப் போகிறாரா என்பதில்தான் ஊருக்குள் இரண்டு கருத்து. வசியக்காரனிடம் போகிற இமாமுக்குப் பின்னால் தொழலாமா என்ற கேள்வியில் ஒரே கருத்து. வியாழன் அதிகாலை சுபஹுத் தொழுகைக்கே வேறொருவரை முன்னுக்கு விட்டுவிட்டார்கள். அட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சபைக்கு வந்து பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நோன்புக்கு மூன்று வாரமும் சில நாட்களும் இருந்தன.

நான் அப்போதே பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று எழும்பினேன்.

"என்னத்தச் சொல்லுவீங்க?" என்றார். "எங்கட இமாமுக்கு வயித்துக் காத்து நிக்குதில்ல, அதுக்கு வைத்தியம் எண்டா? அதுக்கு வசியமே பரவால்ல தம்பி."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிழை விட்டவனுக்கு வருகிற முதல் ஆசை, அதை உடனே திருத்தித் தன் நெஞ்சுப் பாரத்தை இறக்குவது. அது நோயாளிக்காக வருகிற ஆசை அல்ல, நமக்காக வருவது. இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது. டொக்டரிடம் ஓடினேன். ஒரு கடிதம் தாருங்கள், இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்று எழுதி, சீல் அடித்துத் தாருங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் பகல் சாப்பாட்டுப் பெட்டியை அப்போதுதான் திறந்திருந்தார். பின்னேரம் நாலு மணி. மூடிவிட்டு, அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இத எத்தின பேருக்கு எழுதியிருக்கீங்க?"

"எல்லாருக்கும்."

அட்டையை என் கையில் திருப்பித் தந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"பிழை உங்கட. நோய் அவர்ட. நீங்க உங்கட சாமானை மட்டும் தூக்கிட்டுப் போங்க."

இந்த ஏழு வருடத்தில் நான் படித்ததில் உங்களுக்குத் தர ஒரு வசனம் மட்டும் இருக்கிறதென்றால் அது இதுதான். கடிதம் தரவில்லை. போவதற்கு முன் மௌலவியிடம் கேளுங்கள் என்றார் டொக்டர். மௌலவியின் வீட்டுக்குப் போய், உங்கள் நோயைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டேன், அந்தச் சொல் என் பிழை என்று மட்டும் சொல்ல நான் சபைக்கு வரலாமா என்று கேட்டேன். அவர் மனைவி உள்ளே இருந்து, வரட்டுமே என்றா. அவர் தலையாட்டினார்.

பள்ளிவாசலின் பக்கத்து அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் அரிசி ஆலைக்காரர், ஹாஜியார் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். குறைவாகப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர், அவர் குறைவாகப் பேசுகிறவர் அல்ல. மோதினார் சுவரோடு நின்றார். மௌலவி ஓர் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை ஓத விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருந்தார். நான் யார், யாருடைய மகன் என்று சொன்னேன்.

"கரைவலைக்காரர்ட மகன்தானே," என்றார் இரும்புக்கடைக்காரர். "அந்த வசியத்த மீனுக்குச் செஞ்சா ஊருக்கே நன்மை."

சிரிப்பு எழும்பியது. ஹாஜியார் கையைக் காட்டி அடக்கினார்.

"இது சூனியமா, இல்லையா?"

இல்லை என்றேன். டொக்டரின் மேற்பார்வையில் நடக்கிற வைத்தியம், கண்ணை மூடி, மூச்சை நிதானமாக்கி, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார்கள், எந்த நேரமும் எழும்பிப் போகலாம், மையும் இல்லை, தகடும் இல்லை, ஒருவருடைய மனத்தையும் யாரும் கட்டுவதில்லை என்று சொன்னேன்.

"அப்ப ஏன் வசியம் எண்டு எழுதின?"

"எனக்கு நல்லாத் தமிழ் தெரியும் எண்ட பெருமையில எழுதிட்டன் ஹாஜியார்."

"உங்கட வீட்டுல ஆருக்கும் இந்தச் சொல்லு தெரியாதா?"

"உம்மாக்குத் தெரியும். சொன்ன. நான் கேக்கல்ல."

ஒருவன் தன்னைக் குறைத்துப் பேசும்போது எங்கள் ஊரில் மற்றவர்கள் இடைமறிப்பதில்லை. நான் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. மார்க்கத்தில் இது கூடுமா என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது, இங்கே அதைச் சொல்லக்கூடிய, மார்க்கம் படித்த ஆலிம் ஒருவர்தான் இருக்கிறார், அவரைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள் என்றேன். மோதினார் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஹாஜியார்தான் கேட்டார்.

"எதுக்கு வைத்தியம்?"

"அத நான் சொல்ல ஏலா."

"பள்ளிக்கு முன்னாலயுமா?"

"ஓம். நாளைக்கு நீங்க எங்கிட்ட வந்தாலும், உங்கட விஷயத்த நான் இஞ்ச வந்து கதைக்க மாட்டன்."

ஹாஜியார் என்னை நீண்ட நேரம் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். இரும்புக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, தொப்பியைச் சரி செய்து, கண்ணை மூடினார்.

"சரி, என்னத் தூங்க வையுங்க பாப்பம். சூனியமா இல்லையா எண்டு எல்லாரும் கண்டுக்கட்டும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஓர் இடம் உங்களுக்கும் வரும், ஒரு கலியாண வீட்டிலோ பஸ்ஸிலோ. எனக்கு ஆசையாக இருந்தது. அவர் லேசில் ஹிப்னாடிச நிலைக்குள் இறங்கக்கூடிய ஆள், மூச்சைப் பார்த்தே தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் அவர் கையைத் தானாக உயர வைத்திருக்கலாம். ஐந்து பேரும் வாயைப் பிளந்திருப்பார்கள். ஆனால் அதைக் கண்டவர்கள் வெளியே போய் என்ன சொல்லியிருப்பார்கள்? வசியம் உண்மைதான், கண்ணால் கண்டோம் என்றுதான். டிக்கட் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள், முதலில் டொக்டர் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏலாதவன்தான் டிக்கட் கேப்பான்."

என்னிடம் இருந்த சாமான் அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு வந்ததை வைத்துவிட்டேன், அது போதவில்லை. அவர்கள் தங்களுக்குள் வேறொரு ஹாபிழின் பெயரைக் கதைக்கத் தொடங்கினார்கள். அறையில் ஒரு வசனம் குறைவாக இருந்தது. அது எனக்குத் தெரியும், என் நாக்கின் நுனியில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் நான் செய்த கடினமான காரியம் அதுதான், பேசாமல் இருந்தது.

மௌலவி கையைக் கட்டியபடியே எழும்பினார்.

"தம்பி சொல்ல மாட்டார். நான் சொல்றன். எனக்கு வயித்துல வருத்தம். காத்து நிக்குதில்ல. பயந்தாக் கூடும், முன்னுக்கு நிண்டா இன்னும் கூடும். சந்தேகத்துல தொழுகைய விடப்படாது, முறிஞ்சது உறுதியாத் தெரிஞ்சாத்தான் விலகணும் எண்டு உங்கட பிள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கிறவன் நான். தக்பீர் கட்டினா எனக்கே அது மறந்து போகுது. பயத்தக் குறைக்கத்தான் அங்க போறன்."

யாரும் சிரிக்கவில்லை. இரும்புக்கடைக்காரர் கதிரையைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு காலம்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நாலு வருஷம்."

"நாலு வருஷமா ஏன் சொல்லல்ல?"

"சொல்ற மாதிரி வருத்தமா ஹாஜியார் இது?"

ஹாஜியார் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"இண்டைக்கு மஃரிபுக்கு நீங்க முன்னுக்கு நில்லுங்க. முறிஞ்சா பின்னுக்கு நிக்கிறவர் பாத்துக்குவார். அதுக்குத்தானே பின்னுக்கு ஆள் நிக்கிற."

அன்று அந்தி மஃரிப் தொழுகையை நானும் அங்கேயே தொழுதேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில், கதவோரத்தில், ஹாஜியார் நின்றார். சபைத் தலைவர், முதல் வரிசையில் நிற்க உரிமை உள்ளவர், செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாரே என்று அந்தப் பணிவை வியந்தேன். ஊரே வியக்கிற விஷயம்தான் அது. மௌலவி முன்னுக்கு நின்றார். மூன்று ரக்அத்தையும் முடித்து ஸலாம் கொடுத்தார்.

நோன்பு வந்தது. முதல் எட்டு இரவும் அவர்தான் நடத்தினார். ஒன்பதாம் இரவு, பன்னிரண்டாம் ரக்அத்தில் ஒரு தடவை விலகினார். பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னுக்கு வந்தார், தொழுகை நடந்தது. வுழூச் செய்துகொண்டு வந்து பின் வரிசையில் சேர்ந்துகொண்டார். அடுத்த நாள் என்னிடம் வந்தபோது, உடைந்துபோய் வருவார் என்று பயந்திருந்தேன். கதிரையில் சாய்ந்து, தானாகவே வயிற்றில் கையை வைத்தார்.

"வரம்பு உடையல்ல தம்பி. கொஞ்சம் கசிஞ்சது. அடச்சிட்டம்."

மிச்ச இரவுகளையும் அவரே நடத்தி முடித்தார். வருத்தம் முழுக்கப் போகவில்லை. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் வருவது போல, ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் மூன்று நாலு தடவை வந்து போகிறார். இனி உங்களிடம் வருவார்.

பழைய அட்டைகளையெல்லாம் தேடித் திரும்பப் பெற்றேன். ஒவ்வொருவரிடமும் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டி, இதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மூன்று பேர் ஏற்கனவே அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள், அதன் பிறகு வராதவர்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு சொல் தந்தார்கள். மௌலவியின் சொல்தான் எல்லோருக்கும் பிடித்தது. அட்டைகளில் நீங்கள் காணப்போகிற "வயிற்றோடு கதைத்தல்" அவருடையது. அகராதியில் இல்லை, தேடாதீர்கள்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். டொக்டரின் துண்டுச்சீட்டோடு ஒருவர் வந்திருப்பதாகத் தாதி சொன்னார். தலை நிமிராமல் புது அட்டையை எடுத்துப் பெயரைக் கேட்டேன். குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ஹாஜியார். கதவைத் தானே சாத்தினார். சாய்வுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் ஏன் கதவுக்குப் பக்கத்துல நிக்கிறன் எண்டு தெரியுமா தம்பி?"

"பணிவு எண்டு நினைச்சன்."

"பதினொரு வருஷமா எனக்கும் இதே வருத்தம், முறிஞ்சா ஆருக்கும் தெரியாம வெளிய போகத்தான். ஊரும் பணிவு எண்டுதான் நினைக்கிற. நினைச்சிட்டே இரிக்கட்டும்."

நான் அட்டையில் எழுதத் தொடங்கினேன். அவர் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் கையை நீட்டினார், பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"கண்ணாடி கொண்டு வரல்ல. வாசிங்க."

வாசித்தேன். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது, நான் பார்த்தேன்; வாப்பா தலைகீழாகப் பிடித்த கடிதம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இந்த அறையில் எழுதப்படும் எதையும் எழுதியவரே நோயாளிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாவியோடு தருகிறேன் என்றேனே, அது இதுதான்.

இந்தக் கட்டுரையையும் போன வெள்ளிக்கிழமை ஆலையில் வைத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆலை என்பதும் மாற்றி எழுதியதுதான், வேறொரு இடம். கண்ணை மூடிக் கேட்டார். பணிவு என்று வருகிற இடத்தில், வேண்டாம் என்றால் வெட்டிவிடுகிறேன் ஹாஜியார் என்றேன்.

"வெட்டாதீங்க," என்றார். "கொஞ்சம் பணிவும் இருந்ததுதான்."